சட்டம்

பிராஸ் பசா காம்ப்ளக்ஸ், மூன்றாம் தளம்.
குடையை வாசலில் உதறிவிட்டு வந்தாள் தோக்கோ,
செசில் ஸ்திரீட்டில் ஒற்றை அறையில் இயங்கும்
ஒரு தூதரகத்தின் காரியதரிசி.
கையில் அட்டைக் குழல்.
குழலுக்குள், பதினோரு நாளில்
பதவியேற்கப் போகிறவர்.

விரித்தேன்.
சுத்தியல், பசைப் புட்டி, அளவுகோல், என் கோப்பிக் குவளை
என்று மூலைக்கொன்று வைத்து
அழுத்த வேண்டியிருந்தது.
நல்ல அச்சு. நல்ல கோட்டு.
சிரிப்பு மட்டும் சற்று அதிகம்.

பழைய சட்டத்தையும் கொண்டுவந்திருந்தாள்.
தேக்கு. நான் செய்ததுதான்,
அவளுக்கு முன்பிருந்தவர் வாங்கிப்போனது.
மூன்று முகங்கள் அதில் வந்து போய்விட்டன;
ஒரு மூலைகூட விலகவில்லை.

அளந்தேன். மறுபடி அளந்தேன்.
"சட்டத்துக்குள் அடங்கமாட்டார்" என்றேன்
எனக்கு நானே, தமிழில்.
சொன்ன பிறகுதான் சிரிப்பு வந்தது.
ஏன் என்று கேட்டாள்.

என் ஆங்கிலம் கடை அளவுக்குத்தான்.
படத்தைச் சுற்றும் மரத்துக்கும்
நாட்டைக் கட்டும் விதிக்கும்
எங்களிடம் ஒரே சொல் என்று
கைகளால் சதுரம் காட்டி ஒருவழியாக முடித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
உட்கார நாற்காலி இருக்குமா என்றாள்.

"இரண்டு தவணைக்கு மேல் யாரும் ஆளக்கூடாதென்று
எங்கள் சட்டத்தில் ஒரு வரி.
அது நிறைவேறிய நாளில் நான் நான்காம் வகுப்பு.
பள்ளிக்கு விடுமுறை. ஆளுக்கொரு ஆரஞ்சு.
இவர் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறார்:
நன்றாக உழும் மாட்டை
பாதி வயலில் ஏன் அவிழ்க்க வேண்டும்?
ஜனங்கள் கைதட்டுகிறார்கள்.
அவர்மீதிருந்த வழக்கின் கோப்பு தொலைந்தது.
அதைப் பேசிய வானொலிக்காரன்
நான்கு நாள் வீடு திரும்பவில்லை.
திரும்பினான்.
இப்போது வானிலை மட்டும் வாசிக்கிறான்."

மிரட்டித்தான் ஜெயித்தாரா என்றேன்.

"இல்லை. அதுதான்.
இங்கே மாலுமிகள், மாணவர்கள், நாற்பத்தொரு ஓட்டு.
பெட்டியைத் திறந்து எண்ணியது நான்.
இருபத்துமூன்று அவருக்கு.
ஒன்று என் தம்பியுடையது. ஜூரோங்கில் கப்பல் பழுதுபார்க்கிறான்.
முந்தையவர் நல்லவர்தான் அக்கா, என்கிறான்,
நல்லவர் காலத்தில்தான் அம்மாவுக்கு
டயாலிசிஸ் நடுவில் கரண்ட் போனது.
என்ன பதில் சொல்ல நான்?"

மழை பலத்தது. கீழே
நோட்டுப் புத்தகக் கடைக்காரர்
தார்ப்பாயை இழுத்துவிடும் சத்தம்.

"எங்கள் ஜனநாயகத்துக்கு இருபத்தாறு வயது" என்றாள்.
என் சுத்தியலுக்கு முப்பத்தொன்று.
நீங்கள் ஓட்டுப் போடுவதுண்டா?
என் தொகுதியில் வெகுகாலம் போட்டியே இல்லை,
முதல் ஓட்டு ஐம்பத்திரண்டு வயதில், என்றேன்.
அன்று கை நடுங்கியதைச் சொல்லவில்லை.

வேலைக்கு வந்தோம்.
"பக்கத்துக்கு இரண்டு விரல் வெட்டினால் அடங்குவார்.
நாற்காலியின் கைப்பிடியும்
பின்னால் நிற்கும் சீருடைக்காரரின் தோளும் போகும், அவ்வளவே."
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
சீருடைத் தோளை விரலால் மறைத்து, எடுத்து, மறைத்து.
பிறகு கைப்பையிலிருந்து கடிதம்:
வெட்டக்கூடாது. பொன் நிறம். நான்கங்குல அகலம்.

அப்படியென்றால்
ஆளுக்கேற்ற சட்டம்தான்.
செய்துதருகிறேன், வெள்ளிக்கிழமை.
நான் தொழிலாளி; அளவு கொடுத்தால் அறுப்பேன்.
இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது
அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

முன்பணம் கொடுத்தாள்.
பழைய தேக்கைத் தொட்டு,
"இதை எறிந்துவிடாதீர்கள். உங்களிடமே இருக்கட்டும்.
ரசீது போடுங்கள்."
போட்டேன்.
'திரும்பப் பெறும் தேதி' என்ற கட்டத்தில்
அவளே பேனா வாங்கி எழுதினாள்:
இன்றிலிருந்து சரியாக ஐந்து வருடம்.

கடை வாடகை ஒப்பந்தம்
இன்னும் இரண்டு வருடம்தான்.
சொல்லவில்லை.
செய்தித்தாளில் சுற்றி
மேல் தட்டில், ஈரம் படாத பக்கமாக,
நிறுத்தி வைத்தேன்.